இயல்பற்ற இணைப்புகள்

நெத்திலிக்குக் கத்தி வேண்டாம். தலையைக் கிள்ளினால் குடலும் கூடவே வந்துவிடும். விரல்களுக்கு அது தானாகத் தெரியும் என்பதால் எமில்டாவின் மனசுக்கு வேலையில்லாமல் போயிற்று, அதுதான் வினை. பாளையங்கோட்டையில் அக்கா பிலோமினாவின் வீட்டுச் சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்துப்போட்டு, சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அக்கா மேடையருகே நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுகிற சத்தம் நின்றால் அக்கா பேசப்போகிறாள் என்று அர்த்தம். நின்றது. "என் எழுத்துலதான் என்னமோ கோளாறு இருக்கு எமில். முன்ன மாதிரி வரல போல," என்றாள் அக்கா. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. முதல் தடவை காப்பி கொடுக்கும்போது சொன்னாள், எமில்டா சீனி போதவில்லை என்றாள். இரண்டாவது தடவை மீன்காரியிடம் பேரம் பேசிவிட்டுத் திரும்பும்போது சொன்னாள், எமில்டா மீன் நல்ல மீன்தானா என்று கேட்டாள். இப்போது சொல்வதற்கு எதுவும் கையில் இல்லை, குடல்தான் இருந்தது. "அப்படியெல்லாம் இல்லக்கா," என்றாள். அக்கா மறுபடி துருவ ஆரம்பித்தாள். இந்தச் சட்டி மீனை ஆய்ந்து முடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எமில்டா நினைத்தாள். நினைத்ததுமே விரல்கள் மெதுவாகிவிட்டன. திருடிகளா, என்று தன் விரல்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள், நீங்களும் என்னோடு சேர்ந்துகொண்டீர்களா.

அக்காவின் எழுத்தில் என்ன கோளாறு இருந்தது, ஒன்றும் இல்லை, கோளாறு இல்லாததுதான் அதன் கோளாறு. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். சேவியர் அத்தான் பக்கவாதத்தில் விழுந்தபோது வேலையை விட்டுவிட்டு ஆறு வருஷம் அந்த ஒரே கட்டிலைப் பார்த்துக்கொண்டாள். அத்தான் போன பிறகு, கட்டிலைப் பிரித்து ஓரமாகச் சாய்த்துவைத்த அதே அறையில் உட்கார்ந்து, படுக்கையில் கிடப்பவரை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுதினாள். புண் வராமல் எப்படித் திருப்பிப் போடுவது, மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும்போது தலை எந்த உயரத்தில் இருக்க வேண்டும், வாய் நாறாமல் எப்படித் துடைப்பது, கோபம் வந்தால் பக்கத்து அறைக்குப் போய் எவ்வளவு நேரம் நிற்கலாம். 'படுக்கையோரம்' என்று அந்த இணையதளத்துக்குப் பெயர் வைத்ததும் அவள்தான். எமில்டா தளத்தைக் கட்டிக்கொடுத்தாள், அவ்வளவுதான். டாக்டர்கள் அதைத் தங்கள் பக்கங்களில் சொன்னார்கள், ஒரு பத்திரிகை எழுதியது, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் ஊரிலிருக்கும் தம்பிகளுக்கு அனுப்பினார்கள். சங்கரன்கோவிலிலிருந்து ஒரு மனுஷன் போன் பண்ணினார். "சிஸ்டர், நீங்க எழுதுன மாதிரியே ஒவ்வொரு வாட்டியும் அய்யாகிட்ட, இப்பம் திருப்பப்போறேன்னு சொல்லிட்டுத்தான் திருப்புனேன். காது கேக்காதுன்னாங்க. ஆனா சொன்னதும் ஒடம்பு லேசா விட்டுக்குடுக்கும் சிஸ்டர்." போனை வைத்துவிட்டு அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். எமில்டா அன்றைக்கும் இதே வீட்டில்தான் இருந்தாள். அன்றைக்கு அவளுக்கு என்ன தோன்றியது? உண்மையைச் சொன்னால் என்ன, இங்கே யார் கேட்கப்போகிறார்கள். இந்தத் தளத்துக்கு இவ்வளவு நல்ல பேரா என்று தோன்றியது. இதை வீணாக விட்டுவைத்திருக்கிறோமே என்று தோன்றியது.

வண்ணார்பேட்டையில் இரண்டாவது மாடியில் அவளுடைய ஆபீஸ். கடைக்காரர்களின் தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவருவதாகச் சொல்லும் ஆபீஸ். புதிதாகச் சேரும் பெண்களுக்கு அவள்தான் பாடம் எடுப்பாள். ஒரு தளம் இன்னொரு தளத்துக்கு இணைப்புக் கொடுப்பது, தெரிந்த மனுஷன் ஒருத்தன் சாட்சி சொல்வது மாதிரி, நல்லவன் சாட்சிக்கு மதிப்பு அதிகம், தேடுபொறி அதைத்தான் பார்க்கிறது. பெண்கள் எழுதிக்கொள்வார்கள். அவளும் ஒரு காலத்தில் இப்படி எழுதிக்கொண்டவள்தான். பிறகு காலம் மாறிவிட்டது, சம்பந்தமில்லாத சாட்சியை இயந்திரம் கண்டுபிடிக்கப் பழகிவிட்டது, மரக்கடைக்காரன் பல்டாக்டருக்குச் சாட்சி சொன்னால் யார் நம்புவார்கள், இதையெல்லாம் அவள் வாசித்திருந்தாள், நாலைந்து வருஷத்துக்கு முன்னாலேயே வாசித்திருந்தாள். வாசித்ததற்கும் பாடம் எடுத்ததற்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது, அதை அவள் சத்தமில்லாமல் சாத்திவைத்திருந்தாள். மேனேஜர் சிவநேசன் கேட்டது இணைப்புகள். இந்த மாதம் எத்தனை இணைப்பு, எந்தத் தளத்திலிருந்து. நல்ல தளம் எதுவும் டைல்ஸ் கடைக்கு இணைப்புக் கொடுக்காது. 'படுக்கையோரம்' கொடுக்கும். ஏனென்றால் அதன் சாவி அவள் கையில் இருந்தது.

"யக்கா, கீழ ஒரு பக்கம் சேக்கப்போறேன், பயனுள்ள இணைப்புகள்னு. பெரிய தளத்துலயெல்லாம் இருக்கும். உனக்கும் நல்லது, தேடல்ல மேல போகும்," என்று அப்போது அக்காவிடம் சொன்னாள். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எனக்கு என்னட்டி தெரியும், நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும்," என்றாள். டைல்ஸ் கடை, வீடு மாற்றிக்கொடுக்கிறவர்கள், கோவா விடுதி, ஜாதகம், உடம்பு மெலிகிற பொடி, மேட்ரிமோனி, கார் வாடகை, போட்டோ ஸ்டூடியோ, இன்னும் இன்னும், முந்நூறைத் தாண்டியது. டைல்ஸ் கடை முதலாளி நேரில் வந்து கேட்டார், படித்தவரில்லை, ஆனால் கேட்டார். "ஏம்மா, படுத்த படுக்கையாக் கெடக்குறவுக டைல்ஸா வாங்கப்போறாவ?" அவள் சிரித்தாள். "ஆளுங்களுக்காக இல்ல அண்ணாச்சி, இது தேடுபொறிக்காக," என்றாள். எத்தனை நம்பிக்கையான குரல் அது. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று இப்போது தேடினால் தொண்டையில் இல்லை. ஒரு மீனின் தலை கிள்ளுப்படாமல் வழுக்கிக்கொண்டு தாளுக்கு வெளியே விழுந்தது. எடுத்தாள். தரையில் ஈரமாக ஒரு கோடு. முதலாளியின் கடைக்கு அந்த இணைப்பால் ஒன்றும் ஆகவில்லை, மேலேயும் போகவில்லை கீழேயும் போகவில்லை. கோவா விடுதிக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. திருடினால்கூடத் திருடினவனுக்காவது ஏதோ மிஞ்சும்.

துருவுகிற சத்தம் நின்றது. "அம்பாசமுத்திரத்துப் புள்ள ஒண்ணு போன வாரம் கேட்டா," என்றாள் அக்கா. "சிஸ்டர், நீங்களே பரிகாரம் பண்ணுத எடத்துக்கு லிங்க் குடுத்திருக்கியளே, எங்க அம்மாவுக்கும் பண்ணிப் பாக்கவான்னு. நான் எங்கட்டி குடுத்தேன்? அது என்னது?" எமில்டாவுக்குக் காது சூடாயிற்று. "அது சும்மா கீழ கெடக்கும்க்கா. அதையெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க." "அந்தப் புள்ள பாத்திருக்கால்லா," என்றாள் அக்கா, குற்றமாக இல்லை, வெறுமனே. "வேண்டாம் தாயி, அந்தக் காசுக்கு ஒரு தண்ணி மெத்தை வாங்குன்னு சொன்னேன்." மறுபடி துருவல். யாரும் பார்க்க மாட்டார்கள் என்றால் அது எதற்காக அங்கே கிடக்கிறது என்று அக்கா கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பதிலோடு பதிலாக எல்லாமே வெளியே வந்திருக்கும், தலையோடு குடல் மாதிரி. ஏன் கேட்க மாட்டேன் என்கிறாள்? ஏனென்றால் நம்புகிறாள். நம்பிக்கை இப்படி ஒரு சனியனா, கதவைத் திறக்கவும் விடாது, தட்டவும் விடாது.

தளம் விழுந்தது மூன்று மாதத்துக்கு முன்னால். நாளொன்றுக்கு ஆயிரத்துச் சில்லறை பேர் வந்த தளத்துக்கு ஒரே வாரத்தில் அறுபது பேர், ஐம்பது பேர். படுக்கைப்புண் என்று தேடினால் முதலில் வந்துகொண்டிருந்தது, இப்போது எத்தனை பக்கம் தள்ளினாலும் இல்லை. அக்காவுக்கு எண்கள் புரியாது, ஆனால் போன் வருவது அநேகமாக நின்றுபோனது புரிந்தது. காலையில் எழுந்ததும் போனைத் திருப்பிப் பார்ப்பாள், சத்தம் அணைந்திருக்கிறதோ என்று. வேறு காரணமாகவும் இருக்கலாமே என்று எமில்டா அப்போது தனக்குள் வாதாடினாள், இப்போதும் ஒரு மூலையில் அந்த வக்கீல் எழுந்து நிற்கிறான். எல்லோரும் வீடியோ பார்க்கிறார்கள், பெரிய ஆஸ்பத்திரிகள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், தேடுபொறி எப்போது யாரைத் தூக்கும் யாரைப் போடும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. உட்கார் ஐயா, உட்கார். தேடுபொறியிடமிருந்தே கடிதம் வந்ததே. தளத்தின் கணக்கு எமில்டாவின் மின்னஞ்சலில் இருந்ததால் அவளுக்குத்தான் வந்தது. 'உங்கள் தளத்திலிருந்து வெளியே செல்லும் இயல்பற்ற இணைப்புகள் கண்டறியப்பட்டுள்ளன.' ஆபீஸில் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் அதைப் படித்தாள். இணைப்புகளை எடுத்துவிட்டு மறுபரிசீலனை கேட்கலாம் என்றும் அதிலேயே போட்டிருந்தது. ஒரு சாயங்கால வேலை. எடுத்தால் முந்நூறு கடைக்காரர்களின் மாத அறிக்கையிலும் ஒரு வரி குறையும், சிவநேசன் ஏன் என்று கேட்பான், பாடம் எடுத்தவளே தப்பு என்று எழுதிக்கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தக் கடிதத்தைக் கண்ணுக்குப் படாத இடத்துக்குத் தள்ளினாள். தள்ளிவிட்டு டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டாள். நன்றாகச் சாப்பிட்டாள் என்பதுதான் இப்போது தொண்டையில் நிற்கிறது. அடுத்த வாரம் வந்தது, அதற்கடுத்த வாரமும் வந்தது, இப்போது பன்னிரண்டாவது அடுத்த வாரம், கையில் நெத்திலி.

போன் மேடைமேல் அதிர்ந்தது. கை நாற்றமாக இருந்ததால் எடுக்கவில்லை. சிவநேசனாகத்தான் இருக்கும், சனிக்கிழமை என்றும் பார்க்க மாட்டான். அக்கா எட்டிப் பார்த்து, "யாரோ சிவநேசன்," என்றாள். "கெடக்கட்டும்க்கா." அது அதிர்ந்து அதிர்ந்து மேடையின் விளிம்புவரை நகர்ந்தது, அக்கா அதைப் பிடித்து உள்ளே தள்ளிவைத்தாள். அக்காவின் விரல் கணுக்கள் வீங்கியிருந்ததை எமில்டா அப்போதுதான் பார்த்தாள். இஞ்சித் துண்டு மாதிரி. "கைக்கு என்னக்கா?" "முட்டிவலிதான். ரொம்ப டைப் அடிக்கேன்லா." "எதுக்கு ரொம்ப?" அக்கா தேங்காய் மூடியைக் கீழே வைத்தாள். முகத்தில் சின்ன வெட்கம், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் வெட்கம். "எல்லாத்தையும் திருப்பி எழுதுதேன். பழைய எழுத்து ஆளுகளுக்குப் பிடிக்கல போல, அதான் வரமாட்டேங்காவன்னு. தெனம் காலையில மூணு மணி நேரம். நீ முன்னால சொல்லிக்குடுத்தியே, தேடுத வார்த்தை நாலு வரிக்கு ஒருக்கா வரணும்னு, அதுபோல. நாப்பது பக்கமும் ஒரு மாசத்துக்கு முன்னாலயே முடிஞ்சிட்டு, இப்பம் ரெண்டாவது வாட்டி போயிட்டிருக்கு."

நாற்பது பக்கமும். எமில்டா எழுந்துவிட்டாள். எழுந்தது தெரியவில்லை, தாள் காலில் ஒட்டிக்கொண்டு வந்ததில்தான் தெரிந்தது. சொல்லிவிடு, இப்போது சொல்லாவிட்டால் இனி நீ சொல்லவே மாட்டாய், நாற்பது பக்கத்துக்குப் பிறகு நூறு பக்கம் எழுதுவாள், விரல் கோணும்வரை எழுதுவாள், நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து மீன் ஆய்ந்துவிட்டுப் போவாய்.

"யக்கா, கோளாறு உன் எழுத்துல இல்ல."

"சும்மா சொல்லாதட்டி."

"சும்மா சொல்லல. கோளாறு நான் போட்ட அந்தப் பக்கத்துல. டைல்ஸ் கடை, ஜாதகம், எல்லாம் எங்க ஆபீஸ் ஆளுங்க. உனக்கு நல்லதுன்னு சொன்னேன்லா, இல்ல. அவங்களுக்காகப் போட்டேன். அவங்களுக்கும் ஒண்ணும் ஆகல. உன் தளத்தைத் தேடல்ல இருந்து அதுக்காகத்தான் தூக்கிட்டாங்க. மூணு மாசம் முன்னாலயே கடுதாசி வந்துச்சு. நான் உங்கிட்ட சொல்லல."

ஒரே மூச்சில் வந்துவிட்டது. இவ்வளவு சின்னதா அது. மூன்று மாதமாக உள்ளே மலையாகக் கிடந்தது, வெளியே வந்தபோது கைப்பிடிகூட இல்லை. அக்கா என்ன சொல்லப்போகிறாள் என்று எமில்டா அவள் வாயைப் பார்த்தாள். அடிக்கட்டும் என்றிருந்தது. சின்ன வயசில் பால்சட்டியைக் கவிழ்த்ததற்கு அடித்திருக்கிறாள், அந்த அடி எவ்வளவு சுளுவாக முடிந்துபோயிற்று. அக்காவின் முகம் முதலில் தெளிந்தது. அதைத்தான் எமில்டாவால் தாங்க முடியவில்லை. தெளிந்தது, கண்ணில் வெளிச்சம் வந்தது.

"அப்பம் நான் எழுதுனது சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சுக்கா."

"ஆளுகளுக்குப் புடிக்காமப் போகல."

"இல்லக்கா."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு ஆட்டுவது மெதுவாகி நின்றது. "அப்பம் பழசையே போட்டுரு எமில். அந்தப் பக்கத்தை எடுத்துரு. நான் மொதல்ல எழுதுனதை அப்படியே திருப்பிப் போட்டுரு."

பழசு. எமில்டா குழாயடியில் கையைக் கழுவினாள், சோப்புப் போட்டுக் கழுவினாள், புளி போட்டுக் கழுவினாள், கழுவிக்கொண்டிருக்கும்வரை பதில் சொல்ல வேண்டியதில்லை. பழைய வடிவங்களைச் சேமிக்கும் வசதியைப் போன வருஷம் அவள்தான் அணைத்துவைத்தாள், இணைப்புப் பக்கம் பெருத்துத் தளம் மெதுவாகிவிட்டதால். சர்வரில் இருக்கும் நகல் முப்பது நாளுக்குத்தான். அக்கா முதல் தடவை மாற்றி முடித்தே அந்த முப்பது நாள் தாண்டியிருக்கும். "நீ கம்ப்யூட்டர்ல தனியா எங்கயாவது வச்சிருக்கியாக்கா?" "இல்லட்டி. நேரா அதுலதான அடிப்பேன். பழசை அழிச்சிட்டுப் புதுசை அடிச்சேன்." அழிச்சிட்டு. ஒரு வழி இருக்கிறது, உலகத்துத் தளங்களையெல்லாம் அவ்வப்போது படம் பிடித்துவைக்கிற ஒரு காப்பகம் இருக்கிறது. ஈரக்கையோடு போனை எடுத்தாள், சிவநேசனின் நாலு அழைப்புகளைத் தள்ளிவிட்டாள், காப்பகத்தில் 'படுக்கையோரம்' என்று தேடினாள். திரையில் சக்கரம் சுற்றியது. அக்கா அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள், தேங்காய் வாசனை. படுக்கைப்புண் பக்கம், சேமிக்கப்படவில்லை. மூக்குக் குழாய், சேமிக்கப்படவில்லை. கோபம் வந்தால் பக்கத்து அறைக்குப் போகிற அந்தப் பக்கம், சேமிக்கப்படவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டினாள், ஒவ்வொன்றாக இல்லை என்றது. ஒன்றே ஒன்று மூன்று தேதிகளில் சேமிக்கப்பட்டிருந்தது. அவள் தட்டவில்லை. அக்காவின் விரல் வந்து தட்டிற்று.

பயனுள்ள இணைப்புகள். அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிற அதே நிதானத்தில், ஒரு சொல்லையும் விழுங்காமல் வாசித்தாள். மலிவு விலையில் தரை ஓடுகள். கோவாவில் கடலோர விடுதி. ஏழே நாளில் உடல் மெலிய. எல்லாத் தோஷங்களுக்கும் பரிகாரம். "போதும்க்கா," என்றாள் எமில்டா. அக்கா நிறுத்தவில்லை. வீட்டுச் சாமான் மாற்ற. வாடகைக் கார். மணமக்கள் தேவை. பக்கம் முடியும் இடம்வரை போய்விட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லா வச்சிருக்கான்," என்றாள். "ஒரு எழுத்து தப்பாம."

அடுப்பை அணைத்துவிட்டு அக்கா முற்றத்து அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள். எமில்டா பின்னாலேயே போனாள். திரையில் படுக்கைப்புண் பக்கம், புதியது. படுக்கைப்புண் என்றால் என்ன, படுக்கைப்புண் எதனால் வருகிறது, படுக்கைப்புண் வராமல் தடுக்கச் சிறந்த வழிகள், படுக்கைப்புண் பற்றி முழு விவரம். டைல்ஸ் கடைக்கு எமில்டா எழுதிக்கொடுத்தது இப்படித்தான் இருக்கும். அக்கா எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். வெள்ளையாயிற்று. விரல்களை விசைப்பலகையின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெளியே யாரோ காய்கறி கூவிக்கொண்டு போனார்கள், தெருமுனைவரை போய்த் திரும்பியும் வந்தார்கள். எமில்டாவுக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது, விட்டால் வருகிற வாக்கியம் கலைந்துவிடும் என்பதுபோல்.

"வரமாட்டேங்கு," என்றாள் அக்கா. திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை, அதைவிட மோசமாக, உதவி கேட்கிற பார்வை. "அத்தான் போன பெறகு அந்த மாசமே எழுதுனது எமில். அந்த வேகத்துல வந்துச்சு. நீ வாசிச்சிருப்பல்லா. மொத வரி என்ன எழுதியிருந்தேன்?"

எமில்டா யோசித்தாள். கண்ணை மூடிக்கூட யோசித்தாள். எத்தனை சொல் இருந்தது என்று தெரிந்தது, எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று தெரிந்தது. ஒன்பது வருஷமாக அந்தப் பக்கத்தை வாரம் ஒருமுறை திறந்திருக்கிறாள். ஒருநாளும் வாசித்ததில்லை.